நச்சு நிவாரண வாரம்

டாக்டர் ஜோதிலிங்கம் தில்லிக்கு வந்தது விஷம் உண்டவர்களைப் பிழைக்கவைப்பதற்காக. வந்து மூன்றாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. இன்னும் ஒருவரையும் அவர் கண்ணால் பார்க்கவில்லை.

மதுரையில் இருந்தபோது அப்படி இல்லை. அங்கே ஆஸ்பத்திரி வாசலில் மாட்டு வண்டியிலும் கட்டிலிலும் வைத்துக் கொண்டுவந்து போட்டுக்கொண்டே இருப்பார்கள். அரளி விதை, பூச்சிமருந்து, தூக்க மாத்திரை என்று எல்லாம் வரும். ஜோதிலிங்கத்துக்கு ஊமத்தையில்தான் அதிக ஈடுபாடு. ஊமத்தை தின்றவன் சட்டென்று சாவதில்லை. முகம் சிவந்து, வாய் காய்ந்து, கண்ணின் கருமணி விரிந்து, இல்லாத மனிதர்களோடு பேசிக்கொண்டு, காற்றில் எதையாவது பொறுக்கிக்கொண்டிருப்பான். அதற்கு ஒரு முறிமருந்து உண்டு. ஊசியை வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும் என்று பெரிய டாக்டர்கள் அதைத் தொடவே பயந்தார்கள். மிகக் கொஞ்சமாக, மிக மெதுவாக, நாடியைப் பிடித்துக்கொண்டே ஏற்றினால் பைத்தியம் போலப் பிதற்றுகிறவன் சில நிமிஷத்தில் எழுந்து தண்ணீர் கேட்பான் என்று ஜோதிலிங்கம் கண்டார். எவ்வளவு கொஞ்சம், எவ்வளவு மெதுவாக என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி.

அந்தச் சமயத்தில் மத்திய நச்சு முறிவு ஆராய்ச்சிக் கழகத்தின் விளம்பரம் பேப்பரில் வந்தது. விண்ணப்பித்தார்; வேலை கிடைத்தது. மதுரையில் மாலை போட்டு ரயிலேற்றினார்கள்.

கழகம் ரிங் ரோடுக்கு அப்பால், சிவப்புக் கல்லில் கட்டிய அழகான கட்டடம். முன்னால் நீரூற்று. உள்ளே குளிர்சாதன வசதியுள்ள வார்டு, வெள்ளை விரிப்புப் போட்ட படுக்கைகள். விரிப்பு அழுக்காகக்கூடாது என்பதற்காக வார்டைப் பூட்டி வைத்திருந்தார்கள்.

நோயாளிகள் வராமல் இல்லை. ஆட்டோவில் வருவார்கள், சைக்கிள் ரிக்ஷாவில் வருவார்கள். வாசலில், விஷம் தின்றவனிடமே, ஒரு கேள்வி கேட்கப்படும். என்ன விஷம்? தெரியாது என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். கழகத்தில் ஒவ்வொரு நஞ்சுக்கும் ஒரு பிரிவு இருந்தது. பெயர் தெரியாத நஞ்சுக்குப் பிரிவு கிடையாது.

ஜோதிலிங்கம் நிர்வாக அதிகாரி பட்டாபியிடம் போனார். பட்டாபி தஞ்சாவூர்க்காரர். கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் குடியிருந்து, மத்திய சர்க்காரில் தலை நரைத்தவர்.

"சார், விஷம் சாப்பிட்டவன் தானா வந்து பேரச் சொல்ற நிலமையில இருந்தான்னா, அவனுக்கு நாம எதுக்கு?"

"அதத்தான் நானும் கேக்கறேன், டாக்டர் சாப்" என்றார் பட்டாபி. "பேர்கூடச் சொல்லத் தெரியாதவன இங்க கொண்டுவந்து நமக்கு என்ன பிரயோஜனம்? ரூல்னா ரூல். அச்சா, டீ சாப்பிடறேளா?"

நோயாளி இல்லாவிட்டால் பிராணிகளாவது வேண்டும் என்று ஜோதிலிங்கம் எழுதிக் கேட்டார். நாயோ எலியோ போதும் என்று குறிப்பிட்டிருந்தார். வெகுகாலம் கழித்து முயல்கள் வந்தன. வேறு எந்தப் பிராணியாக இருந்தாலும் சரி, முயல் மட்டும் கூடாது என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். முயலின் உடம்பு ஊமத்தையைச் சிதைத்துவிடும். கீரை மாதிரி தின்றுவிட்டுப் பேசாமல் இருக்கும். இதை விளக்கி மறுபடி எழுதினார். வந்த முயலைத் திருப்பி அனுப்ப விதி இல்லை என்று பதில் வந்தது.

கட்டடத்தின் பின்பக்கம் ஆராய்ச்சிக்காக நச்சுச் செடிகள் வளர்த்த தோட்டம் ஒன்று இருந்தது. அங்கிருந்து ஊமத்தை இலையைப் பறித்து முயல்களுக்குப் போட்டார்கள். முயல்கள் கொழுத்தன. குட்டிகளும் போட்டன.

டைரக்டர் டாக்டர் குல்ஷ்ரேஷ்டா தொழில்நுட்பக் கமிட்டியைக் கூட்டினார். அவர் வெள்ளைத் தலைமுடியும் கணீரென்ற குரலும் கொண்டவர். எந்தக் கூட்டத்திலும் அவர் பேசினால் தூங்குகிறவர்கள்கூடக் கைதட்டுவார்கள்.

"அறிவியலில் முன்முடிவு கூடாது" என்றார் குல்ஷ்ரேஷ்டா. "நஞ்சு என்றால் என்ன? தின்றவன் சாக வேண்டும். இந்த முயல்கள் செத்தனவா? இல்லை. எடை கூடியிருக்கின்றன. நாம் முயலை நம்புவதா, டாக்டர் ஜோதிலிங்கத்தை நம்புவதா? முயலுக்குப் பொய் சொல்லத் தெரியாது."

"சார், மனுஷனுக்கு அது வேற மாதிரி..."

"மனிதனைப் பற்றி நமக்கு ஆதாரம் எதுவும் இல்லையே! ஒரு மனிதனாவது நம் கழகத்தில் ஊமத்தை சாப்பிட்டிருக்கிறானா?"

இல்லை என்று ஜோதிலிங்கம் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. ஊமத்தை நஞ்சு அல்ல என்று கமிட்டி ஏகமனதாகத் தீர்மானித்தது. தோட்டத்தில் ஊமத்தைக்கு முன்னால் நட்டிருந்த 'நஞ்சு, தொடாதீர்' என்ற பலகையைப் பிடுங்கினார்கள். பலகை வீணாகப் போகக்கூடாது என்று அதை முன்பக்கம் ரோஜாப் பாத்தியில் நட்டார்கள்.

அன்று சாயங்காலம் சரோஜினி நகர் வீட்டில் ஜோதிலிங்கம் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார். ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து பார்த்து வாங்கிய கத்தரிக்காயைக் குழம்பு வைத்திருந்த அவர் மனைவி இந்திராணிக்கு அது பொறுக்கவில்லை.

"என்ன, இன்னிக்காவது யாராவது வந்தாகளா?"

"வந்தாக. அனுப்பிச்சிட்டாக."

"ஊரெல்லாம் சீக்காளியா இருக்கு. ஒங்களுக்கு மட்டும் ஒரு சீக்காளி அம்புட மாட்டேங்குதே!" என்றாள் அவள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. தில்லியில் அவர்கள் உடம்பு கெடாமல் இருந்ததற்கு இந்தச் சிரிப்புதான் காரணம்.

ஆசிய விளையாட்டுக்காகத் தில்லி முழுவதும் தோண்டிப் போட்டிருந்த வருஷம் அது. ஒவ்வோர் அலுவலகமும் ஏதாவது ஒரு வாரம் கொண்டாடியது. கழகம் நச்சு நிவாரண வாரம் கொண்டாட முடிவு செய்தது. துணை மந்திரி வர ஒப்புக்கொண்டார். வார்டைத் திறந்து காட்ட வேண்டும். அப்போதுதான் படுக்கையில் யாரும் இல்லாதது டைரக்டரின் கவனத்துக்கு வந்தது.

"மந்திரி வரும்போது ஒரு நோயாளி இருந்தால் நன்றாக இருக்கும்" என்றார்.

"வாசலுக்கு வர்றவங்கள உள்ள விட்டாப் போதும் சார்" என்றார் ஜோதிலிங்கம்.

"அவர்களை நம்ப முடியாது. மந்திரி வருவதற்குள் செத்துவிட்டால்?"

பட்டாபி வழி கண்டுபிடித்தார். கழகத்தின் துப்புரவுத் தொழிலாளி கருப்பசாமி ஒல்லியானவன், குழி விழுந்த கண்கள். "பேஷண்டுக்குன்னே செஞ்ச மூஞ்சி" என்று பட்டாபி மெச்சினார். ஜோதிலிங்கத்தின் ஆராய்ச்சிக் கட்டுரையை எடுத்துவைத்துக்கொண்டு, ஊமத்தை தின்றவன் எப்படி நடந்துகொள்வான் என்று அவனுக்குப் பாடம் எடுத்தார். அது நஞ்சு அல்ல என்ற தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் அவரும் ஒருவர். ஆனால் விழா வேறு, தீர்மானம் வேறு.

கருப்பசாமி ஜோதிலிங்கத்தைத் தேடி வந்தான். ஜங்புராவில் பாராபுல்லா நாலா என்ற பெரிய சாக்கடையை ஒட்டிய மதராசி கேம்ப் குடிசைகளில் அவன் குடும்பம் இருந்தது. சொந்த ஊர் விழுப்புரத்துப் பக்கம்.

"சார், எனக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லீங்களே?"

"இல்ல கருப்பசாமி."

"ஏசி ரூமுல படுத்துக்கினு காத்துல பொறுக்கச் சொல்றாரு. செய்யலன்னா வேல பூடுமான்னு பயமா இருக்குது. செஞ்சா நெசமாவே எனக்குப் பைத்தியம்னு எழுதிப்புடுவாங்களோன்னும் பயமா இருக்குது."

"அப்படி எழுத விடமாட்டேன். பக்கத்துலயே நான் இருக்கேன், பயப்படாதே" என்றார் ஜோதிலிங்கம். அந்த வார்த்தை கொடுத்ததால்தான் விழாவன்று அவர் பந்தல் போட்ட புல்வெளிப் பக்கம் போகாமல் வார்டிலேயே இருந்தார்.

அன்று கழகத்தின் கேண்டீனில் விருந்தினர்களுக்குப் பாலக் கீரைப் பகோடா போடுவதாக ஏற்பாடு. சாலையைத் தோண்டியிருந்ததால் காய்கறி வண்டி வரவில்லை. கேண்டீன் நடத்திய குப்தா சாந்தினி சௌக்கில் பிறந்து வளர்ந்தவர். இலை என்பது கட்டாகக் கட்டித் தராசில்தான் வளரும் என்று நினைத்திருந்தவர். அவர் பட்டாபியிடம் ஓடினார். பின்பக்கத் தோட்டத்தில் முயலுக்குப் போடும் கீரை தளதளவென்று இருக்கிறதே, பறித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார்.

பட்டாபிக்கு ஊமத்தை தெரியாமல் இல்லை. சிறுவயதில் அதன் பக்கம் போனதற்காக அடி வாங்கியவர். ஆனால் தனக்குத் தெரிந்தது ஒன்றாகவும் கமிட்டியின் தீர்மானம் வேறாகவும் இருந்தால் எதை நம்புவது என்பதில் அவருக்கு சர்வீஸில் ஒரு நாளும் குழப்பம் வந்ததில்லை.

"பறிச்சுக்கோ பையா. அது விஷம் இல்லேன்னு ரிக்கார்டு இருக்கு. ஜல்தி, ஜல்தி!"

மந்திரி வரத் தாமதமானது. ஷாமியானாவின் கீழே அதிகாரிகள் காத்திருந்தார்கள். பகோடா சூடாகவும் மொறுமொறுப்பாகவும் இருந்தது. இலேசான கசப்பு டீக்குப் பொருத்தமாக இருந்தது. டைரக்டர் மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கமிட்டி உறுப்பினர்களும் பட்டாபியும் சாப்பிட்டார்கள். குப்தா மட்டும் சாப்பிடவில்லை. சொந்தக் கேண்டீனில் அவர் சாப்பிடுவதில்லை.

மந்திரியின் கார் வந்து நின்றபோது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. வரவேற்புப் பாட்டு முடிந்தது. குல்ஷ்ரேஷ்டா மைக்குக்கு முன்னால் போய் நின்றார். மந்திரி எப்போது வார்டுக்கு வருவார் என்று எட்டிப்பார்க்க ஜோதிலிங்கம் அப்போதுதான் வெளியே வந்தார்.

டைரக்டர் அச்சடித்த உரையை எடுத்தார். கிட்டத்தில் வைத்துப் பார்த்தார், தூரத்தில் வைத்துப் பார்த்தார். உதட்டை நக்கினார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார், மறுபடி கேட்டார். முகம் செம்பருத்தியாகச் சிவந்திருந்தது.

"மாண்புமிகு மந்திரி அவர்களே, எழுத்தெல்லாம் கலைந்து ஓடுகிறது" என்றார். "போகட்டும். எழுதிக் கொடுத்ததை விட்டுவிட்டு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்."

கூட்டம் கைதட்டியது.

"இந்தக் கழகம் இதுவரை ஒரு நோயாளிக்குக்கூட வைத்தியம் பார்த்ததில்லை. ஏன் பார்க்க வேண்டும்? பார்த்தால் சிலர் சாவார்கள். பார்க்காததால் எங்களிடம் ஒருவர்கூடச் சாகவில்லை. இந்தியாவில் வேறு எந்த ஆஸ்பத்திரி இப்படிச் சொல்ல முடியும்?"

பலத்த கைதட்டல். முன்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், டைரக்டர் இன்று வழக்கத்தைவிட நன்றாகப் பேசுகிறார் என்றார்.

"நான் இங்கே வந்தது பங்களாவுக்காக. பங்களாவில் கொய்யா மரம் இருக்கிறது. வார்டில் நீங்கள் பார்க்கப்போகும் நோயாளி எங்கள் கருப்பசாமி. தங்கமான மனிதன், தினமும் என் அறையைப் பெருக்குகிறவன். அதோ நிற்கிறாரே மதராசி டாக்டர், அவருக்கு விஷயம் தெரியும். அதனால்தான் முயலைக் கொடுத்து உட்கார வைத்திருக்கிறேன். அவர் ஏதாவது கண்டுபிடித்துவிட்டால் நான் அதைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். இந்த வயதில் என்னால் முடியுமா, சொல்லுங்கள்!"

மந்திரி நிமிர்ந்து உட்கார்ந்தார். எத்தனையோ விழாக்களில் தூங்கியவர் அவர்; அன்று முழுக் கண்ணும் விழித்திருந்தது. "வாஹ்! என்ன பணிவு! என்ன நேர்மை!" என்றார்.

டைரக்டர் குனிந்து மேடையில் எதையோ பிடிக்கப் போனார். "மந்திரிஜி, காலைத் தூக்கிக்கொள்ளுங்கள். முயல் ஓடுகிறது" என்றார். மந்திரி மரியாதைக்காகக் காலைத் தூக்கிக்கொண்டார்.

ஜோதிலிங்கம் ஓடினார். பேச்சைக் கேட்டு அவருக்கு எதுவும் தோன்றவில்லை. கண்ணைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டார். கருமணி கண் முழுவதும் பரவியிருந்தது. முன்வரிசையைத் திரும்பிப் பார்த்தார். கமிட்டி உறுப்பினர்களில் ஒருவர் கோட்டைக் கழற்றி நாற்காலிக்குப் போட்டுவிட்டு, அதற்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் காற்றிலிருந்து எதையோ பொறுக்கிப் பையில் போட்டார்கள். தட்டில் மிச்சமிருந்த பகோடாவை ஜோதிலிங்கம் பிட்டுப் பார்த்தார். இலை தெரிந்தது.

மந்திரி அப்போது ஒரு பகோடாவை வாய்க்குக் கொண்டுபோனார். ஜோதிலிங்கம் அதைத் தட்டிவிட்டார்.

"விஷம் சார். தின்னுறாதீங்க!" என்று தமிழிலேயே கத்தினார். மந்திரிக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் புரிந்தது.

முறிமருந்து அலமாரியில் பூட்டியிருந்தது. சாவி பட்டாபியின் பூணூலில் தொங்கியது. பட்டாபி மைக் கம்பத்தோடு பேசிக்கொண்டிருந்தார்.

"சார், சாவி!"

"முதல்ல இவர் ஃபைல் முடியட்டும்" என்றார் பட்டாபி, கம்பத்தைக் காட்டி. "வெகுநேரமா நின்னுண்டிருக்கார், பாவம்."

ஜோதிலிங்கம் அவருடைய சட்டைக்குள் கையை விட்டார். பட்டாபிக்குக் கூச்சம். நெளிந்து நெளிந்து சிரித்தார். மந்திரி பார்த்துக்கொண்டிருக்க, நிர்வாக அதிகாரியின் பூணூலிலிருந்து சாவி கைப்பற்றப்பட்டது.

வார்டில் கருப்பசாமி தன் வேலையில் கவனமாக இருந்தான், காற்றில் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

"எந்திரி கருப்பசாமி!"

"மந்திரி இன்னும் பாக்கலீங்களே சார்?"

"நெஜ பேஷண்ட் வந்தாச்சு, எந்திரி!"

அவன் துள்ளிக் குதித்து இறங்கி டைரக்டரைத் தூக்க ஓடிவந்தான். "ஐயா நம்மளவிட நல்லாச் செய்றாரே!" என்று வியந்துகொண்டே காலைப் பிடித்துத் தூக்கினான்.

அதன் பிறகு சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. ஒவ்வொருவராகக் கிடத்தி வயிற்றைக் கழுவினார்கள். மற்றவர்கள் சமாளித்துக்கொண்டார்கள். டைரக்டர்தான் அதிகம் தின்றிருந்தார். உடம்பு அனலாகக் கொதித்தது, நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொண்டது; கைகால் இழுத்துக்கொள்ளத் தொடங்கிற்று. ஜோதிலிங்கம் ஊசியை எடுத்தார். இவ்வளவு வருஷமாக அவர் காத்திருந்தது இதற்குத்தான். ஆனால் அப்போது அவருக்கு ஆராய்ச்சி நினைவே இல்லை. ஒரு கையில் ஊசி, மறு கையில் டைரக்டரின் நாடி. ஒரு சொட்டு ஏற்றினார்; நிறுத்தினார்; நாடி தடுக்கியது; மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்; அது திரும்ப ஓடியது; இன்னொரு சொட்டு ஏற்றினார். வாசலில் மந்திரி செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். கோவில் மாதிரி அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

கொஞ்சம் கொஞ்சமாக நாடி தணிந்தது. குல்ஷ்ரேஷ்டா கண்ணைச் சிமிட்டினார், சுற்றிலும் பார்த்தார்.

"மந்திரி வந்துவிட்டாரா?" என்றார்.

ஜோதிலிங்கம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

மந்திரி அந்த இடத்திலேயே வாய்மொழியாக உத்தரவு போட்டார். இனி இந்த வாசலுக்கு வருகிற யாரையும் கேள்வி கேட்டுத் திருப்பக்கூடாது. வார்டு இந்த மதராசி டாக்டரின் பொறுப்பு. மறுநாள் பேப்பர்களில் டைரக்டரின் பேச்சு முழுவதும் வந்தது. மனம் திறந்து பேசிய அதிகாரி என்று தலைப்புப் போட்டிருந்தார்கள்.

கழகம் விசாரணைக் கமிட்டி அமைத்தது. பகோடா சாப்பிட்டவர்களே அதில் உறுப்பினர்கள். நேரடி அனுபவம் உள்ளவர்கள் வேறு யார் இருக்கிறார்கள்? அவர்களுக்கு முன்னால் ஒரு சிக்கலான கேள்வி இருந்தது. டைரக்டர் விஷம் தின்றாரா, இல்லையா? தின்றார் என்றால், நச்சு முறிவுக் கழகம் தன் அதிகாரிகளுக்கே நஞ்சு வைத்திருக்கிறது. அதோடு ஊமத்தை நஞ்சு அல்ல என்ற தீர்மானமும் தப்பு. தின்னவில்லை என்றால், அவர் பேசியதெல்லாம் சுயநினைவோடு பேசியது.

பல அமர்வுகள் யோசித்தார்கள். தீர்மானம் தப்பாக இருக்க முடியாது என்பதில் எல்லோருக்கும் உடன்பாடு இருந்தது. ஆகவே யாரும் விஷம் தின்னவில்லை, வெயில் கடுமை என்று முடிவு எழுதினார்கள். விஷம் தின்னாதவருக்கு அனுமதியில்லாமல் முறிமருந்து ஏற்றியதற்காக ஜோதிலிங்கத்திடம் விளக்கம் கேட்டார்கள். பிழைத்துவிட்டார் என்பதே விளக்கம் என்று அவர் எழுதிக் கொடுத்தார். அதைக் கோப்பில் வைத்துக்கொண்டார்கள்.

சுயநினைவோடுதான் பேசினார் என்று ஊர்ஜிதமாகிவிட்டதால் குல்ஷ்ரேஷ்டாவின் மதிப்பு தில்லியில் ஏறியது. மற்ற அலுவலகங்களுக்குப் போய் நேர்மையைப் பற்றிச் சொற்பொழிவு செய்யும்படி மேலிடம் அவரைக் கேட்டுக்கொண்டது. அவர் போகிற இடமெல்லாம் மனம் திறந்து பேசுவார் என்று ஆவலோடு உட்கார்ந்திருந்தார்கள். எழுதி வைத்ததைப் படித்தால் முகம் சுளித்தார்கள். வேறு வழியில்லாமல் அவர் இடத்துக்கு ஒன்றாக உண்மைகளைச் சொல்லவேண்டி வந்தது.

வார்டின் பூட்டைக் கழற்றியாயிற்று. விரிப்புகள் அழுக்காயின. விளையாட்டு அரங்கம் கட்டுகிற இடத்தில் ஊமத்தையின் முள்ளுக்காயை உடைத்து விதையைத் தின்றுவிட்ட ஒரு பெண் குழந்தையை அதன் தாய் ராஜாத்தி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிவந்தாள். குழந்தை தெளிந்து அம்மாவைப் பார்த்துப் பசிக்குது என்றது. பெருக்குவதை நிறுத்திவிட்டுக் கருப்பசாமி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். இந்திராணிக்கு இப்போது வேறு குறை. புருஷன் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவதில்லை.

ஒரு நாள் மத்தியானம் குல்ஷ்ரேஷ்டா வார்டுக்கு வந்தார். இளைத்திருந்தார். படுக்கை ஒன்றும் காலியாக இல்லாததைப் பார்த்துவிட்டு, ஜோதிலிங்கத்தை ஒரு மூலைக்கு அழைத்துப் போனார். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"டாக்டர், நீங்கள்தான் உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்கு அன்றைக்கு நடந்தது எதுவும் ஞாபகம் இல்லை. அன்று மேடையில் பேசியது நானா, அந்த இலையா?"

ஜோதிலிங்கம் கொஞ்சம் யோசித்தார். ஆராய்ச்சியாளர் அல்லவா, தெரிந்ததை மட்டும்தான் சொல்ல வேண்டும்.

"இலைக்கு அவ்வளவு விஷயம் தெரியாது சார்" என்றார்.